கொடைக்கானலில் ஒரு நாள்: மூடுபனியை முந்துவது எப்படி

ஒரே ஒரு முழுநாள்தான் கையில் இருக்கிறதா? பள்ளத்தாக்கைக் காலையிலும் ஏரியை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற அடிவாரத்துச் சூடான காற்று சரிவு வழியே மேலேறி, 7,000 அடி உயரத்தில் குளிர்ந்து மேகமாகிவிடும். நண்பகலில் தூண் பாறைக்குப் போனால் 400 அடிப் பாறைகள் நின்ற இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரியும். ஆகவே முந்தின இரவே மேலே வந்து தங்கிவிடுங்கள்.

சொந்த வண்டியில் வந்தாலும் வாடகை வண்டியில் வந்தாலும் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். வத்தலக்குண்டு தாண்டுமுன் கைபேசியில் அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் சிக்னலை நம்பமுடியாது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ரயிலில் வருகிறவர்கள் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், ஊர் அங்கிருந்து 80 கி.மீ. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். வளைவுகளில் வாந்தி வருவது பெரும்பாலும் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, குனிந்து கைபேசி பார்ப்பதால்தான். இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன்சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள்.

ஊருக்கு 8 கி.மீ. முன்பு வெள்ளி அருவி. குளிக்க இறங்காதீர்கள், அங்கே விழுவது ஏரியிலிருந்து வழிந்து ஊர்ப்பக்கம் ஓடிவரும் தண்ணீர்.

காலையில் முதலில் தூண் பாறை, அதே சாலையில் பைன் காடு. பைன் நட்டு வளர்த்த மரம். இந்த மலையின் சொந்தக் காடு சோலையும் புல்வெளியும்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிகளில். கடைசியாக 2018-இல் பூத்தது.

மூடுபனி இறங்கியதும் சூரிய ஆய்வகத்துக்குப் போகலாம் (அனுமதி நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்). 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராயவேண்டும் என்ற யோசனையில் பிறந்தது இது; 1899-இல் நிறுவினார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான்.

நாலு மணிக்குமேல் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக். கீழே பெரியகுளம் தெரியாவிட்டால் கவலையில்லை. முதுகில் வெயிலும் எதிரே மேகமும் அமைந்தால், உங்கள் நிழலே வண்ண வளையத்தோடு மேகத்தில் விழும். அரிதுதான், காத்திருந்து பார்க்கலாம்.

கடைசியாக ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கட்டியது. சுற்றிவர ஏறக்குறைய 5 கி.மீ. வாடகை சைக்கிளென்றால், பணம் கொடுக்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.