கூத்துப் பதிவுக்கு விதை நிதி வாங்கியது: என் அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகம் ஆசிரியர்களின் ஆய்வுக்குத் தரும் விதை நிதிக்கு, தெருக்கூத்துப் பதிவுத் திட்டம் ஒன்றை அனுப்பியிருந்தேன். வரவுசெலவை மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்தது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து களைகட்டுவதோ சித்திரைக்குப் பிறகு. பணம் இருக்கும்போது கூத்து இல்லை, கூத்து நடக்கும்போது பணம் இல்லை.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவது, கூத்து சொல்லித்தரும் வாத்தியார்களின் நேர்காணல், அவர்களிடம் உள்ள கூத்து நோட்டுகளை ஸ்கேன் செய்வது எல்லாம் மார்ச்சுக்குள். விடிய விடிய நடக்கும் கூத்தைப் பதிவது அடுத்த நிதியாண்டில். முதல் தவணைப் பணத்தைச் சொன்னபடி செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்ததும் இரண்டாம் தவணை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதினேன்.

அப்புறம் கலைஞர்களின் சம்பளம். படிவத்தில் கருவி, பயணம், சில்லறைச் செலவு என்ற தலைப்புகள்தான் இருந்தன. இதைச் சில்லறைச் செலவில் ஒளித்து வைக்க மனம் வரவில்லை. கதையை நடத்திச் சென்று சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரனும் மத்தளக்காரரும் இரவு முழுக்க உழைக்கிறார்கள். ‘கலைஞர் மதிப்பூதியம்’ என்று தனித் தலைப்பே சேர்த்து, ஆளுக்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்போம் என்று ஒரு பக்கம் இணைத்தேன்.

இரண்டு தவணைக்கும் ஒப்புதல் கிடைத்தது. நீங்களும் இப்படி மதிப்பூதியம் தருவதானால், முடிந்தவரை கலைஞர்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.