விரல் நுனிக்குத் தெரிய வேண்டும்: டென்டல் ஹைஜீனிஸ்ட் ஆகப்போகிறவர்களுக்கு

பல்லையும் ஈறையும் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றித்தான். அதையும் சொல்கிறேன். அதற்கு முன் கையைப் பற்றிப் பேச வேண்டும். நான் பயிற்சி கொடுத்தவர்கள் அதிகம் தடுமாறியது அங்கேதான்.

பல்லில் படிந்து கெட்டியாகும் அழுக்கைத்தான் காரை என்கிறோம். ஈறுக்கு மேலே இருக்கும் காரை கண்ணுக்குத் தெரியும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப்பக்கத்திலும் மஞ்சளாகப் படிந்திருக்கும்; உமிழ்நீர்க் குழாய்கள் அங்கேதான் திறக்கின்றன. ஈறுக்குள் இருப்பது அப்படியல்ல. கறுத்து, கெட்டிப்பட்டு, வேரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கருவியைப் பேனா மாதிரிப் பிடியுங்கள். நடுவிரலின் சதை கருவியின் கழுத்தில் பட வேண்டும். மோதிரவிரல் பக்கத்துப் பல்லில் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றாத கை வழுக்கும், வழுக்கினால் ஈறு கிழியும். காரையைத் தடவிக் கண்டுபிடிக்கும் மெல்லிய கூர்முனைக் கருவியான எக்ஸ்ப்ளோரரை இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தளர்வாகப் பிடித்துப் பாருங்கள்: சுத்தமான வேரில் தடையில்லாமல் ஓடும், காரை வந்தால் முனை ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்குவது விரலில் தெரியும்.

அப்புறம் கியூரெட், காரையைச் சுரண்டி எடுக்கும் கருவி. மாணவியாக இருந்தபோது ஒரு கடைவாய்ப்பல்லை அரைமணி நேரம் சுரண்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியை எக்ஸ்ப்ளோரரை ஒருமுறை ஓட்டிவிட்டு, "காரை போகலம்மா, நீ அதைப் பாலிஷ் பண்ணியிருக்கே" என்றார். கியூரெட் மழுங்கியிருந்தது. மழுங்கிய விளிம்பு காரையின் மேல்பரப்பை மட்டும் வழவழப்பாக்கிவிடும். அதன்பிறகு கூரான கருவியும் அதைப் பிடிக்கத் திணறும். நோயாளியோ எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவார். இது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கோடாக மின்னினால் மழுங்கிவிட்டது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. கியூரெட்டின் முகம், அதாவது அலகின் மேல்பரப்பு, தரைக்கு இணையாக இருக்கட்டும். கல்லை அந்த முகத்தோடு 100 முதல் 110 டிகிரிக்குள் சாய்த்து, அலகின் அடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுங்கள். கடைசி இழுப்பு கீழ்நோக்கி முடிய வேண்டும், இல்லாவிட்டால் பிசிறு நிற்கும். பிளாஸ்டிக் குச்சியில் வைத்துப் பார்த்தால் கூரான விளிம்பு கடித்து நிற்கும், மழுங்கியது சறுக்கும்.

ஈறுக்குள் நுழைக்கும்போது அலகின் முகம் பல்லோடு ஒட்டியிருக்கட்டும். காரைக்கு அடியில் போனபின் 70 முதல் 80 டிகிரிவரை திறந்து, சின்னச் சின்ன இழுப்பாக மேலே கொண்டுவாருங்கள். விரலை மடக்கி இழுக்காதீர்கள். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து அசையட்டும். இல்லாவிட்டால் சில வருடங்களில் கைவலி வந்துவிடும்.

புரோப் என்பது அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவி. அதை வைத்து ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர்வரை சரி. 4-ம் அதற்கு மேலும், இரத்தம் கசிந்த இடமும் பதிவாக வேண்டும். அழுத்தம் சுமார் 25 கிராம் போதும். டிஜிட்டல் தராசில் புரோப்பை அழுத்திப் பழகுங்கள், நீங்கள் எவ்வளவு அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று தெரியும். செயற்கை இதய வால்வு உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்களா என்று கேட்காமல் புரோப்பைத் தொடவே கூடாது. உண்டு என்றால் பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சரி, லைசென்ஸ். 1906-ல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1917-ல் அந்த ஊர் இருக்கும் கனெக்டிகட் மாநிலம் ஐரீனுக்கு லைசென்ஸ் கொடுத்தது. உலகின் முதல் டென்டல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் அது. இன்று விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே மாறுகின்றன. ஓரிடத்தின் லைசென்ஸை வைத்துக்கொண்டு இன்னோரிடத்தில் பொதுவாக அப்படியே வேலை செய்ய முடியாது. மரப்பு ஊசி போடலாமா, மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் ஸ்கேலிங், அதாவது காரை எடுப்பது, செய்யலாமா என்பதை எல்லாம் நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தின் சட்டத்தில் நீங்களே படியுங்கள். முதலாளி சொன்னார் என்பது விசாரணையில் காப்பாற்றாது.

படிப்பில் சேரும் முன், அந்தப் படிப்பை லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு அங்கீகரித்திருக்கிறதா என்று அந்த அமைப்பிடமே நேரடியாகக் கேளுங்கள். என் தோழி ஒருத்தி கல்லூரி விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தாள். படித்து முடித்தபிறகுதான் தேர்வு எழுதவே தகுதியில்லை என்று தெரிந்தது. நல்ல கை அவளுக்கு. இன்னொரு இடத்தில் முதலிலிருந்து படித்தாள்.

லைசென்ஸ் வந்தபின் புதுப்பிக்க வேண்டும். பல இடங்களில் தொடர்கல்வி நேரக் கணக்கும் முதலுதவிச் சான்றிதழும் கேட்பார்கள். பயிற்சி முடிந்த அன்றே சான்றிதழைப் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள். முதலுதவிச் சான்றிதழ் லைசென்ஸுக்கு முன்பே காலாவதியாகலாம். இரண்டு தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள்.