மீனைக் கடைசியில் வாங்குங்கள்: இரண்டடித் தொட்டி வைத்த கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய், தொட்டி, மணல், ஃபில்டர், பத்து கப்பி மீன்கள் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். புதன்கிழமைக்குள் ஏழு மீன்கள் செத்துவிட்டன. மிச்சமிருந்த மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீனுக்கு நோய் என்றார் கடைக்காரர். நோயெல்லாம் இல்லை, அவசரம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

1. தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கும் என்பதால் டீப்பாயை நம்பாதீர்கள். அடியில் தெர்மாகோல் போடுங்கள்; ஒரு சிறு கல் உறுத்தினாலும் கண்ணாடி விரிசல் விடும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் பாசி சுரண்டியே பொழுது போய்விடும். வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கோபம் வரும்.

2. மணல். அரிசி களைவதுபோல் கழுவுங்கள். எனக்குப் பதினொரு வாளி ஆனது.

3. ஃபில்டர். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்பும் போதும். மோட்டார் வைத்த ஃபில்டர் கப்பிக் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். நம் ஊர் வெப்பத்துக்குக் கப்பிக்கு ஹீட்டர் தேவையில்லை. கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

4. தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

5. காத்திருப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். அது நஞ்சு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவாகத் தீங்கு செய்யாது, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் தீர்ந்தது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இரண்டுமே போதிய அளவில் இருக்காது. அவை ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என் வீட்டு போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. காரமும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். மூன்றே நாளில் ஏழு மீன்கள் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே மீன் இல்லாமலே ஃபில்டரை ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள், அது அழுகட்டும். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடும் என்னைப் பார்த்து அம்மா ஒரு மாதம் சிரித்தார். தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்க, சொட்டு மருந்து வகைப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். காகிதப் பட்டையை நான் நம்புவதில்லை. முதலில் அம்மோனியாவுக்கான சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாகும். பிறகு அது குறைந்து நைட்ரைட் ஏறும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். எனக்கு 34ஆம் நாள் அது நடந்தது.

குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள்.

6. மீன். முதலில் ஐந்து மட்டும். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் பலர் கேட்டவற்றுக்கு விடை.

மின்தடையின்போது தரையெல்லாம் தண்ணீர் என்று ஒருவர் எழுதியிருந்தார். பம்ப் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடுகிறது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயின் நடுவே ஒருவழி வால்வு மாட்டுங்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. என் பம்ப் தற்செயலாக அலமாரி மேல் இருந்தது.

முதல் வாரத்தில் தண்ணீர் பால்போல் கலங்கினால் பயந்து முழுவதையும் கொட்டாதீர்கள். தானே தெளியும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவி மறுபடி மீனைப் பறிகொடுத்தவர்கள் இருவர். குளோரின் பட்டால் வளர்த்த பாக்டீரியா செத்துப்போகும். மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும்.

பெண் கப்பி மட்டும்தான் வாங்கினேன், குஞ்சு எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: ஆணின் விந்தைப் பெண் கப்பி பல மாதங்கள் உள்ளே சேமித்து வைத்திருக்கும். அடுத்த மாதமும் போடும், வாளி ஒன்று தயாராக வைத்திருங்கள்.