உரக்கடைக் கணக்குக்குச் சார்ட் போடும் முறை

மன்னார்குடியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பில் எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில். மாதக் கடைசியில் எட்டுப் பக்க விற்பனை அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுப்பேன். அவர் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, யூரியா எப்ப வேகமா போகும்? எத்தனை மூட்டை முன்னாடியே எடுத்து வைக்கலாம்?" என்று கேட்பார். பதில் அந்த எட்டுப் பக்கத்துக்குள்தான் இருக்கும். ஆனால் யார் தேடி எடுப்பது? அந்த ஒரு கேள்விக்காகத்தான் சார்ட் போடக் கற்றுக்கொண்டேன்.

டேலிபிரைமில் (டேலியின் இப்போதைய பதிப்பு) அறிக்கையைத் திறந்து ஆல்ட், ஈ இரண்டையும் சேர்த்து அழுத்தி, எக்செல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தேதி, சரக்கு, மூட்டை, தொகை என்று நாலு பத்தி போதும். மேலே கடைப் பெயர், முகவரி வரும் வரிகளை நீக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் மொத்த வரியை மறக்காமல் நீக்குங்கள், அது உள்ளே தங்கினால் விற்பனை இரண்டு மடங்காகக் காட்டும். அப்புறம் கண்ட்ரோல், டி அழுத்தி அதை டேபிளாக்குங்கள். பின்னால் அடியில் ஒட்டும் பில்களும் தானாக அதில் சேர்ந்துவிடும்.

தேதி கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எக்செல் அதை வெறும் எழுத்தாக நினைக்கிறது என்று அர்த்தம். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், நாள், மாதம், வருடம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

எதை வரைவது, மூட்டையா ரூபாயா? இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி உர மூட்டை 1,350 ரூபாய். ரூபாயில் வரைந்தால் குடோனை அடைத்து நிற்கிற யூரியா, சார்ட்டில் குட்டையாகத் தெரியும். சரக்கு எடுக்க மூட்டைக் கணக்குதான் வேண்டும்.

இனி முக்கியமான இடம். எக்செல் மாதங்களை ஜனவரியிலிருந்து அடுக்கும். நம் ஊருக்கு அது ஒத்துவராது. சம்பா நெல் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி தை, மாசியில்தான் அறுவடைக்கு வருகிறது, ஜனவரியில் வெட்டினால் ஒரே பயிர் இரண்டு துண்டாகும். ஏப்ரல் முதல் மார்ச் வரை எடுத்தால் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களும் ஒரே கோட்டில் வந்துவிடும். அதற்கு ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்து "கணக்காண்டு" என்று பெயரிடுங்கள். மாதம் 4-க்குக் குறைவாக இருந்தால் வருடத்தில் ஒன்றைக் கழிக்கிற ஃபார்முலாவை அதில் போடுங்கள்.

இப்போது இன்செர்ட் மெனுவில் பிவட் சார்ட் எடுங்கள். பில்களைத் தானே கூட்டி ஒரு சுருக்க அட்டவணையும் (அதுதான் பிவட் டேபிள்) அதன் சார்ட்டும் போட்டுத் தரும். சரக்கை ஃபில்டரில் போட்டு யூரியாவைத் தேர்ந்தெடுங்கள். தேதியை அச்சிலும், கணக்காண்டை லெஜெண்டிலும், மூட்டையை வேல்யூவிலும் இழுத்து விடுங்கள். தேதியின் மேல் ரைட் கிளிக் செய்து, குரூப்பில் மாதத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிவட் டேபிளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றையும் பிடித்து டிசம்பருக்குக் கீழே இழுங்கள். வகையில் லைன் சார்ட் எடுங்கள், கணக்காண்டுக்கு ஒரு கோடு வரும். வட்ட சார்ட் இந்தக் கேள்விக்கு உதவாது.

அதோடு நிறுத்தாமல், மேட்டூர் அணை திறந்த தேதியை ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதுங்கள். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றுப் பாசனக்காரர்கள். தண்ணீர் வந்த தேதி தெரியாமல் இரண்டு ஜூனை ஒப்பிட்டால், வியாபாரம் படுத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஒரு முறை புது பில்களை ஒட்டிவிட்டு ரெஃப்ரெஷ் செய்ய மறந்துவிட்டேன். பழைய கோட்டை நம்பி முதலாளி குறைவாக எடுத்தார். தாளடி நடவு நேரத்தில் இரண்டு நாள் யூரியா இல்லாமல் ஆட்கள் வெறும் சைக்கிளோடு திரும்பினார்கள். அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை. பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் டேட்டா என்ற பக்கத்தில், கோப்பைத் திறக்கும்போதே ரெஃப்ரெஷ் ஆகும்படி ஒரு டிக் இருக்கிறது. அதை இன்றே போட்டுவிடுங்கள்.

பிரிண்டர் கறுப்பு மை மட்டும் என்றால் நிறத்தை நம்பாதீர்கள். இந்த வருடத்துக்குத் தடித்த கோடு, போன வருடத்துக்குப் புள்ளிக் கோடு. எங்கள் கடையில் அந்த ஒரு தாளைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். முதலாளி அதைப் பார்த்துக்கொண்டேதான் மே மாதம் டீலருக்கு போன் போடுகிறார்.