வளர்ப்புப் பாம்பின் நோயறிகுறிகளை இனங்காண்பது எப்படி?

ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வகையை வளர்ப்போர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் மூச்சையே. கூண்டருகே மெல்லிய விசில் ஒலி கேட்பதும், மூக்குத்துளையில் குமிழி தோன்றுவதும், தலையை மேல்நோக்கித் தூக்கி வாயைத் திறந்தபடியே கிடப்பதும் சுவாசத்தொற்றின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈர விரிப்பில் கிடந்த பாம்பின் வயிற்றுச் செதில்கள் செம்பழுப்பாகிக் கொப்புளித்தால், செதில் அழுகல் என்று ஐயுறலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் கிடந்தால், அவை இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகளாக இருக்கலாம். கண் நீலம் பாரித்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது சட்டை உரிப்பதற்கான ஆயத்தமே. உரித்த சட்டையில் இரு கண்மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதில்கள்) உள்ளனவா என்று மட்டும் பாருங்கள். இரை மறுப்பதும் எப்போதும் நோயல்ல, ஆனால் எடை குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கக் கூடாது.