ஆங்கிலச் சட்டச் சொற்களை ஸ்பானிஷில் எழுதுவது எப்படி

யார் படிக்கப் போகிறார்கள், எந்த நாட்டில்? அகராதியைத் திறப்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் ஸ்பெயினில் 'அர்ரெந்தாமியெந்தோ', அர்ஜென்டினாச் சட்டத்தில் அதுவே 'லொகாசியோன்'. மொழி ஒன்றுதான், சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. "ஸ்பானிஷில் போட்டுக் கொடுங்கள், போதும்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் எந்த நாட்டுக்கு என்று விடாமல் கேளுங்கள்.

அப்புறம், அந்தச் சொல் சட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'கன்சிடரேஷன்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேய வழி ஒப்பந்தத்தில் ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவரும் ஏதாவது தர வேண்டும், அந்த ஈடுதான் இது. ஸ்பெயினின் 1889 சிவில் சட்டத் தொகுப்பு இப்படி ஈடு எதையும் கேட்பதில்லை. 1261ஆம் பிரிவு சம்மதம், ஒப்பந்தம் எதைப் பற்றியதோ அந்தப் பொருள், 'காவுசா' (ஒப்பந்தத்துக்கான சட்டக் காரணம்) ஆகிய மூன்றைத்தான் கேட்கிறது. சரி, காவுசா என்று போட்டுவிடலாமா என்றால், கைம்மாறு எதிர்பார்க்காமல் கொடுக்கும் தானத்துக்கும் அங்கே காவுசா உண்டு, ஆக இரண்டும் ஒன்றல்ல. ஈடாகத் தரும் தொகையைச் சொல்லும் இடங்களில் 'கொந்த்ராப்ரெஸ்தாசியோன்' பொருந்தும். 'கொன்சிதெராசியோன்' என்று ஒலியைப் பார்த்து எழுதினால், மதிப்பு, மரியாதை என்று வேறெங்கோ போய்விடும்.

ஒலி ஒத்த சொற்கள்தான் பெரிய தொல்லை. 'செந்தென்சியா' என்றால் தீர்ப்பு, சிவில் வழக்கிலும் வரும். ஆங்கில 'சென்டென்ஸ்' குற்றவாளிக்குத் தரும் தண்டனை, அதற்குப் 'பேனா' அல்லது 'கொந்தேனா'. 'ஹூரிஸ்ப்ருதென்சியா' பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பைக் குறிக்கும், ஆங்கில 'ஜூரிஸ்ப்ரூடென்ஸ்' போலச் சட்டத் தத்துவத்தை அல்ல. எல்லாவற்றையும்விட ஆபத்தானது நோட்டரி. அமெரிக்காவில் நோட்டரி பப்ளிக்கின் முக்கிய வேலை கையெழுத்துக்குச் சாட்சி நிற்பது, அதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. மெக்சிகோவிலோ ஸ்பெயினிலோ 'நொதாரியோ' சட்டம் படித்தவர், பத்திரத்தையே தயாரிப்பவர். இந்தக் குழப்பத்தை வைத்துக் குடியேறிகளை ஏமாற்றுவது பெருகியதால், அந்தப் பட்டத்தை ஸ்பானிஷில் விளம்பரப்படுத்தப் பல அமெரிக்க மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன.

'ட்ரஸ்ட்' போல ஜோடியே சரியாக அமையாத சொல்லும் வரும். 'ஃபிதெய்கோமீசோ' என்று போட்டால் மெக்சிகோ வாசகர் வங்கி போன்ற நிதி நிறுவனம் ஒன்று நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்வார். குடும்பச் சொத்துக்கான ட்ரஸ்ட் என்றால் ஆங்கிலச் சொல்லையே வைத்து, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் கடமையைக் குறிக்கும் ஆங்கில 'ஷல்' வருகிற இடமெல்லாம் 'தெபெரா' (செய்ய வேண்டும்) என்று அடுக்க வேண்டாம், 'பகாரா' (செலுத்துவார்) என்று எதிர்கால வினையே கடமையைச் சொல்லிவிடும். செல்லாது என்பதையே இரு முறை சொல்லும் 'நல் அண்ட் வாய்டு' போன்ற இரட்டைச் சொற்களுக்குப் பெரும்பாலும் 'நூலோ' ஒன்றே போதும்.

சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் அகாடமியின் பான்-ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்கெல்லாம் பொதுவான) சட்ட அகராதியைப் பாருங்கள், இணையத்தில் இலவசம், எந்த நாட்டு வழக்கு என்பதையும் பல சொற்களுக்குக் குறிப்பிடும். அங்கே கிடைத்த சொல்லை அந்த நாட்டுச் சட்ட வாசகத்திலேயே தேடிப் பாருங்கள். ஸ்பெயினுக்கு என்றால் அரசிதழ் இணையத்திலேயே இருக்கிறது. தேர்ந்தெடுத்த சொல்லைக் கடைசிப் பக்கம்வரை மாற்றாதீர்கள், நடுவில் வேறு சொல் வந்தால் வக்கீல் அதை வேறு விஷயமாகத்தான் படிப்பார்.