மில்லுக்கும் கடைக்கும் பிஸ்டல் கொண்டுபோவோர் உறை வாங்கமுன்

வன்னியில் பத்திரத்தோடு பிஸ்டல் வைத்திருக்கும் வியாபாரிகள் மிகச் சிலர். நெல் மில், பெற்றோல் செட், நகைக்கடை, அடகுக்கடை என்று விரல்விட்டு எண்ணலாம். மாசி, பங்குனியில் காலபோக நெல் வரும்போதும் ஆவணியில் சிறுபோகம் வரும்போதும் கையில் காசு புழங்கும் இடங்கள் இவை. துவக்குக்குப் பத்திரம் எடுக்க மாதக்கணக்கில் அலைந்தவர்கூட, கிடைத்த பிறகு கண்ட உறை ஒன்றை வாங்கி இடுப்பில் சொருகிவிடுவார். வெடி தவறிப் பாயும் இடம் அநேகமாக அதுதான். எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் விசையில் ஏதோ ஒன்று பட்டுவிடும்.

முதலில் பத்திரம்

உறையைப் பார்க்கமுன் பத்திரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது அது. பயிர்ப் பாதுகாப்புக்கான சொட்கன் பத்திரம் மாவட்டச் செயலகமான கச்சேரியால் வருவது. பிஸ்டலுக்கும் றிவோல்வருக்கும் பாதுகாப்பு அமைச்சுத்தான். தோட்டத்தில் பன்றி விரட்ட எடுத்த சொட்கன் பத்திரத்தைக் காட்டிக் கடையில் பிஸ்டல் வைத்திருக்க முடியாது. அந்தச் சொட்கனையே கடைக் காவலுக்குக் கொண்டுவருவதும் பத்திரத்தில் எழுதிய நோக்கத்துக்குப் புறம்பு.

பத்திரம் ஓர் ஆளுக்கு, ஒரு துவக்குக்கு, ஓர் ஆண்டுக்கு. டிசம்பர் 31 ராத்திரியோடு அதன் ஆயுள் முடியும். டிசம்பர் கடைசிக் கிழமை வரைக்கும் இழுத்தடித்து, நத்தார் விடுமுறையில் அலுவலகம் பூட்டிக்கிடப்பதைப் பார்த்து நிற்க வேண்டாம். ஒக்டோபரிலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். 2024 இறுதியில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளையெல்லாம் வெலிசறைக் கடற்படை முகாமில் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததை மறந்துவிடக் கூடாது. “என்னிடம் பத்திரம் இருக்கு” என்பது நிரந்தர உரிமை அல்ல. அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலாளி வங்கிக்குப் போகும்போது பிஸ்டலைக் காசு லாச்சியில் வைத்து, “பாத்துக்கொள் தம்பி” என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அந்த நிமிடம் முதல் அது பத்திரமில்லாத ஆளின் கையில் உள்ள துவக்கு. மகனானாலும் மருமகனானாலும் இதுதான் சட்டம். காவலுக்கு ஆள் வேண்டுமென்றால், 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்த பாதுகாப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்களுடைய துவக்கும் பத்திரமும் அவர்களுடைய பொறுப்பு. அதை நீங்கள் தொடக்கூடாது.

இன்னொன்று போர் நடந்த எங்கள் பக்கத்துக்கே உரியது. காணி துப்புரவாக்கும்போதோ கிணறு வெட்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து பழைய துவக்கோ ரவையோ வெளிப்பட்டால் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம், துடைத்து எடுத்து வைப்பதும் வேண்டாம். அடையாளத்துக்கு ஒரு தடியை நட்டுவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அப்படிக் கிடைத்த துவக்குக்குப் பிறகு பத்திரம் எடுக்கும் வழி எதுவும் இல்லை.

சாரத்தில் சொருகக் கூடாது

மில் முதலாளிமாரில் பாதிப்பேர் வேலை நேரத்தில் சாரந்தான். சாரத்தின் மடியிலோ, சாரத்துக்கு மேலே கட்டும் பை வைத்த அகலப் பெல்ட்டின் பைக்குள்ளோ பிஸ்டலை வைப்பது ஆபத்து. துணி விசைக்குள் நுழையும், குனிந்தால் நழுவும், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியாது. பிஸ்டல் கொண்டுபோகும் நாளில் களுசான், அதற்கொரு நல்ல பெல்ட். அது முடியாதென்றால் அன்றைக்கு துவக்குப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

பெல்ட் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும். ஒற்றைத் தோல் பெல்ட் ஒரு மாதத்தில் முறுகிவிடும். இரட்டைத் தோல் சேர்த்துத் தைத்தது, அல்லது உள்ளே விறைப்பான பட்டி வைத்தது வாங்குங்கள். இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் முறுக்கிப் பாருங்கள். லேசாக முறுகினால் வேண்டாம். உறையின் பெல்ட் துவாரமும் அதே 38 மில்லிமீற்றராக இருக்கட்டும். இரண்டு அங்குலத் துவாரத்தில் ஒன்றரை அங்குலப் பெல்ட்டைக் கோத்தால், பிஸ்டலை இழுக்கும்போது உறையும் சேர்ந்து எழும்பும்.

உறை

உங்கள் பிஸ்டலின் மாதிரிக்கென்றே அச்செடுத்த உறை மட்டுமே உறை. “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்று விற்கும் நைலோன் உறையின் மிகப் பெரிய குறை, அதன் வாய் சுருங்கிவிடுவது. பிஸ்டலை எடுத்தபின் வாய் மூடிக்கொண்டால், திரும்ப வைக்க மற்றக் கையால் விரிக்க வேண்டும். விரிக்கிற கை குழலுக்கு முன்னால் நிற்கும். பழைய தோல் உறையிலும் இதே பிரச்சினை வரும். வாய்விளிம்பு நைந்து உள்ளே மடியும். மடிந்த தோல் விசைக் காப்புக்குள் நுழைந்து, பிஸ்டலை அழுத்தும்போது விசையை இழுத்துவிடும். வெடி தொடையில் பாயும். விளிம்பு நைந்த உறையைத் தைத்துப் பாவிக்க வேண்டாம், வெட்டி எறியுங்கள்.

எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் கைடெக்ஸ் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக் நல்லது. இரண்டு மில்லிமீற்றர் அளவு தடிப்பு போதும். வியர்வையை உறிஞ்சாது, வாய் மூடாது, கழுவிக் காயவைக்கலாம். ஆனால் வெயிலில் பூட்டிய வாகனத்தின் டாஷ்போட்டில் போட்டால் வளையும். வளைந்ததை நெருப்பில் காட்டி நிமிர்த்தும் வேலை வேண்டாம். பிடிப்பு எங்கே குறைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. தோல்தான் வேண்டும் என்றால் வாயைச் சுற்றி உள்ளே தகடு வைத்துத் தைத்ததைத் தேடுங்கள். ராத்திரி தோல் உறைக்குள் பிஸ்டலை விட்டுவைக்க வேண்டாம். பகல் முழுக்க குடித்த வியர்வையைத் தோல் இரும்புக்குக் கொடுத்துவிடும். மாரியில் இரண்டே நாளில் செம்புள்ளி தெரியும்.

பிடிப்பு இன்னொரு விடயம். சேட்டுக்குக் கீழே மறைத்து வைப்பவருக்கு, ஸ்குறூ முடுக்கி இறுக்கம் மாற்றும் உறை போதும். வெளியில் தெரிய வைப்பவருக்கு அது போதாது. சந்தை நெரிசலில் பின்னாலிருந்து ஒருவர் இழுத்தால் வந்துவிடும். பெருவிரலால் கீழே தள்ளித் திறக்கும் பூட்டு உள்ளதாக எடுங்கள். சுட்டுவிரலால் அழுத்தித் திறக்கும் வகையும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அவசரத்தில் அழுத்தும் விரல் பிஸ்டல் வெளியே வந்ததும் நேரே விசைக்குப் போய் நிற்கும்.

ஸ்குறூக்களைச் சும்மா விட வேண்டாம். கிறவல் வீதியில் தினமும் மோட்டார்சைக்கிள் ஓடினால் அவை கழன்றே தீரும். ஒவ்வொன்றையும் கழற்றி, புரியில் நீல நிறத் திரெட் பசை ஒரு துளி வைத்து முடுக்குங்கள். சிவப்புப் பசை வேண்டாம், பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது. முடுக்கியபின் ஸ்குறூத் தலையிலிருந்து உறை வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்குறூ திரும்பியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும்.

வாங்கியதும் செய்யும் சோதனை

ரவை எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் பிஸ்டலோடு மட்டும்.

1. உறைக்குள் வைத்து, வெளியிலிருந்து விசை இருக்கும் இடத்தை விரலால் நன்றாக அமத்துங்கள். விசை அசைவது கொஞ்சம் தெரிந்தாலும் உறையைத் திருப்பிக் கொடுங்கள்.

2. மெத்தைக்கு ஓர் அடி மேலே தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக்கூடாது.

3. பெல்ட்டில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து எழும்புங்கள், நெல் மூட்டை தூக்குவதுபோல் குனியுங்கள், மோட்டார்சைக்கிளில் ஏறி இறங்குங்கள். இருபது தரம். பிடி சரிந்தால் பெல்ட் பிழை. பிஸ்டல் உயர்ந்தால் இறுக்கம் பிழை.

4. ஒரு கையால் மட்டும் எடுத்து, அதே கையால் திரும்ப வையுங்கள். மற்றக் கை தேவைப்பட்டால் வாய் சரியில்லை.

இடுப்பில் எங்கே என்றால், வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். நடு முதுகில் வைப்பது பழைய பழக்கம். மோட்டார்சைக்கிளிலிருந்து மல்லாக்க விழுந்தால் முள்ளந்தண்டுக்கும் தார் வீதிக்கும் நடுவில் இரும்பு மாட்டும். கக்கத்தில் கிடையாகத் தொங்கும் உறையில், பின்னால் நிற்பவரை நோக்கியே குழல் எப்போதும் இருக்கும். வரிசையில் ஆட்கள் நிற்கும் கடைக்கு அது ஒத்துவராது.

திரும்ப வைக்கும்போது அவசரம் என்று ஒன்று கிடையாது. இடக்கையால் சேட்டை மேலே தூக்கி ஒதுக்குங்கள், உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள், விரலை நேராக நீட்டுங்கள், பெருவிரலைப் பின்பக்கத்தில் குதிரை (அடிக்கும் சுத்தியல்) மேல் வைத்து மெதுவாக இறக்குங்கள். குதிரை பின்னே அசைவதைப் பெருவிரல் உணர்ந்தால் உடனே நிறுத்தலாம். காற்றுச் சட்டையின் இழுகயிறும் சேட்டின் முனையும் விசைக் காப்புக்குள் போவதற்கு ஒரு நொடி போதும்.

ரவை ஏற்றுவதும் இறக்குவதும்

கடைக்காரருக்கு, குழலின் பின்முனையில் ரவை நிற்கும் அறை வெறுமையாக இருப்பதே பொருத்தம். மகசினில் (பிடிக்குள் செருகும் ரவைக் கூட்டில்) ரவை, அறையில் ஒன்றும் இல்லை. கிழமைக்குக் கிழமை சுட்டுப் பழகாதவருக்கு இதைவிட வேறு வழி சொல்ல மாட்டோம். பழைய றிவோல்வர் என்றால், குதிரைக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விடுங்கள். பழையவற்றில் பல, குதிரை மேல் அடிபடும்படி விழுந்தால் வெடித்துவிடும்.

இறக்குவதற்கென்று ஒரு மூலை ஒதுக்குங்கள். இருபது லீற்றர் வாளி நிறையக் காய்ந்த மணல் போதும். குழலை மணலை நோக்கிப் பிடித்து, முதலில் மகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைட்டை, அதாவது மேலே நழுவும் இரும்புப் பகுதியை, பின்னே மூன்று தரம் இழுங்கள். பிறகு திறந்து பிடித்துக் கண்ணால் பாருங்கள், சின்னிவிரலால் அறையைத் தடவுங்கள். ஒழுங்கை மாற்றி, ஸ்லைட்டை முதலில் இழுத்து மகசினைப் பிறகு கழற்றினால், ஒரு ரவை வெளியே விழும்போதே மகசினிலிருந்து அடுத்தது அறைக்குள் ஏறியிருக்கும். “இறக்கின துவக்கு” வெடிப்பது அநேகமாக இப்படித்தான். மழைக்காலத்தில் மணல் நனைந்தால் மாற்றுங்கள்.

கடைக்குள்ளும் வெளியேயும்

ராத்திரிக்கு இரும்புப் பெட்டகம். கொங்கிறீற் சுவரில் நான்கு 10 மில்லிமீற்றர் போல்ட் அடித்துப் பூட்டியதாக இருக்கட்டும். கட்டாத சிறு பெட்டகத்தைக் கள்ளன் பெட்டகத்தோடே தூக்கிப் போய்விடுவான். ரவை வேறு பூட்டில். திறப்பு உங்களிடம் மட்டும். துவக்கோ ரவையோ காணாமற்போனால் தேடிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்வோம் என்று இருக்காமல், அந்த மணிக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா. இந்த இடங்களுக்குப் போகும் நாளில் பிஸ்டல் பெட்டகத்தில். வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பிழை.

ஏ9 வீதியில் பொலிஸ் மறித்தால் கையை இடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்திரம் பின் பொக்கற்றில் இருந்தாலும் அப்படியே இருங்கள். இரண்டு கையும் ஹாண்டிலில். முதல் வசனமாக, “என்னட்டப் பத்திரம் உள்ள பிஸ்டல் இருக்கு, வலது இடுப்பில” என்று சொல்லுங்கள். சிங்களத்தில் என்றால், “மகே லங்க லைசன் தியென பிஸ்தோலயக் தியெனவா”. பிறகு அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். பத்திரத்தைப் பிஸ்டலுக்கு எதிர்ப்பக்கத்துச் சேட் பொக்கற்றில் வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமையைத் தரவில்லை. காசுப்பையோடு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு நீதிமன்றத்தில் தற்காப்பு என்று நிற்பது மிகக் கடினம்.

தூசியும் எண்ணெயும்

நெல் மில்லில் துவக்குக்கு எதிரி உமித்தூசி. எண்ணெய் கூடினால் தூசி ஒட்டிக் களியாகும். ஸ்லைட் பாதியில் நிற்கும். தண்டவாளம்போல் உள்ள இரண்டு பள்ளங்களிலும் ஒவ்வொரு துளி, வெளியே எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மில்லில் நிற்பவர் கிழமைக்கு ஒருமுறை, மற்றவர் மாதத்துக்கு இருமுறை. உறைக்குள்ளும் தூசி சேரும். பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள்.

அறையில் ரவை ஏற்றி இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் மேல் ரவையை எடுத்துப் பாருங்கள். ஒரே ரவையைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ரவையின் முனையான சன்னம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுக்குள் அமிழும். உள்ளே இடம் குறையக் குறைய வெடிக்கும் அமுக்கம் ஏறும், துவக்கையே உடைக்கும் அளவுக்கு. புது 9 மில்லிமீற்றர் ரவை ஒன்றை மேசையில் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். பழையது மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் மகசினுக்குள் திரும்பப் போடக்கூடாது. குப்பையிலும் போடக்கூடாது, அடுத்த முறை பத்திர வேலையாகப் பொலிசுக்குப் போகும்போது எண்ணிக் கொடுத்து, கொடுத்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.